மேசைக்கு அடியில் போன கோபுரம்

ஞாயிறு இரவு, கடலூர்.

எங்கள் மாதா கோயில் ஹாலில் இன்று என் மாடல் ரயில் கண்காட்சி. சிதம்பரம் ஸ்டேஷன், அதன் பின்னால் அட்டையில் செய்த கோபுரம். ரயிலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கோபுரத்தைக் கண்டதும் ஒவ்வொருவராக நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். மேசை ஆடியது, நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தை அலறியது. பயத்தில் கோபுரத்தைப் பிடுங்கி மேசைக்கு அடியில் தள்ளினேன். அதன்பின் வரிசை எங்கும் நிற்கவில்லை.

காலையில் கும்பிட்டுப் போன மீனவக் கிராமத்து அம்மா ஒருவர், சாயங்காலம் மருமகளோடு திரும்பி வந்தார்.

"கோபுரம் எங்க தம்பி?"

"கூட்டம் ஜாஸ்திம்மா, அதான் எடுத்துட்டேன்" என்று மேசைத் துணியைத் தூக்கிக் காட்டினேன். கோபுரம் நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் மேல் சாய்ந்து கிடந்தது. நானே அப்போதுதான் பார்த்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "எங்கள நவுருன்னு சொல்லியிருந்தா நவுந்திருப்போமே" என்றார்.

"வாங்க அத்தை, இது அவுங்க எடம்" என்று மருமகள் அவர் கையைப் பிடித்தாள்.

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், யாரையும் நிற்கவிடாமல் நான் சரிசெய்து வைத்த வரிசை அவர்களை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டது.