காப்புக் கட்டிய கையும் சவரக்கத்தியும்

கஜா பெராங், 3 ஏப்ரல் 1957, புதன்

நீண்ட ஆலோசனைக்குப் பின், தாடியை எடுப்பதென்று இன்று காலை முடிவு செய்து மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு மத்தியானம் நேர்முகத் தேர்வு. ஏழு மாதமாக வேலையில்லை. இந்த வேலைக்காகத்தான் காவடி நேர்ந்து, காப்புக் கட்டி, சவரத்தை நிறுத்தியிருக்கிறேன்.

"எடுக்கிறேன்னு சொன்னாலே விரதம் போச்சுங்க," என்றாள்.

வாயால் சொன்னதே மீறலாகுமா? தீர்ப்புக் கேட்க, முடிவெட்டும் முத்துவிடம் போனேன். அவர் கத்தியைத் தீட்டியபடி யோசித்தார்.

"சொன்னதுக்கெல்லாம் சாமி கோவிக்காது, அண்ணே. நாற்காலியில உட்கார்ந்தாத்தான் குத்தம். உட்காராதீங்க."

நின்றபடியே நன்றி சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்கள். அலுவலக அட்டைக்கு அங்கேயே என்னைப் படம் எடுத்துக்கொண்டார்கள், தாடியோடு.