சுடுசோதனைப் பிரிவிலிருந்து என் கணவரை மாற்றும்படி

அனுப்புநர்:
சுடுசோதனைப் பிரிவின் மூத்த தொழிலாளியின் மனைவி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்,
துப்பாக்கித் தொழிற்சாலை.

பொருள்: காது கேளாத என் கணவரைச் சுடுசோதனையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் தொழிற்சாலையில் தயாராகும் துப்பாக்கிகளைக் கடைசியாகச் சுட்டுப் பார்த்து, தேறியவற்றுக்கு முத்திரை குத்துகிறவர்களில் என் கணவரும் ஒருவர். குழாயை அளக்கவும் விரிசல் பார்க்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. சுட்டுப் பார்க்க இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது. அவர் சேர்ந்த காலத்தில் காதுக்குப் பஞ்சுதான் கொடுத்தார்கள். நல்ல காதுமூடி வந்தபோது, மூடிக் காப்பதற்கு அவரிடம் அதிகம் மிச்சமில்லை.

2. இதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் மகள் தான் உண்டாகியிருப்பதைத் தொலைபேசியில் முதலில் அப்பாவிடம்தான் சொன்னாள். அவர், "சரிம்மா, மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போ" என்று சொல்லி வைத்துவிட்டார். அவள் அன்று முழுவதும் அழுதாள். அப்பாவுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

3. மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிறார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்களாம். எதிரில் இருப்பவரின் கை அசையும்போது இவர் அழுத்துகிறார். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. சென்ற வாரம் நடந்தது இது. துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் விசையை இழுப்பது வழக்கம். அன்று இவர் இழுத்தபோது தோட்டா வெடிக்கவில்லை. அதே நொடியில் பக்கத்து அறையில் வெடித்தது. அந்த அதிர்வைத் தன்னுடையது என்று நம்பி, எதிரே மாட்டியிருந்த குறித்தாளை எடுக்கக் குழாய்க்கு நேர் முன்னால் நடந்திருக்கிறார். கூட வேலை செய்பவர் கத்தியும் திரும்பவில்லை. கத்தியவர்தான் ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். பொறுத்திருந்து துப்பாக்கியைத் திறந்தபோது தோட்டா முழுதாக உள்ளே இருந்ததாம்.

அன்று மாலை, இழுத்துக் காப்பாற்றிய அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணி, நான் எத்தனை நாளைக்கு அண்ணன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டே இருப்பேன்? ஒரு நாள் நான் லீவு போட்டா?" என்றார்.

5. நான் சும்மா இருக்கவில்லை, ஐயா. பிரிவு அதிகாரியிடம் போனேன். "அவரே வந்து எழுதிக் குடுக்கட்டும்மா" என்றார். மருத்துவ அறையில் கேட்டேன். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள். கணவரிடமே மன்றாடினேன். "முத்திரை குத்தின கை, போய்ப் பெட்டிக்கு ஆணி அடிக்கணுமா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மூன்று பேரும் தங்கள் வரையில் சரியாகத்தான் பேசினார்கள். எனக்குத்தான் கால் ஓய்ந்துவிட்டது.

6. ஆகவே, அவருடைய காதுகளை வெளி மருத்துவமனை ஒன்றில் சோதிக்கச் செய்து, பெட்டி அடைக்கும் பிரிவிலோ கிடங்கிலோ, மரியாதை குறையாத ஒரு வேலை தரும்படி வேண்டுகிறேன். அதுவரை அவரை அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள்.

7. இம்மனுவை எழுதியது நான்தான் என்று அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். மறைத்தால் உயிரைக் காத்தவர்மேல் சந்தேகம் போகும். வீட்டில் வரும் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் சொல்வது எனக்குக் கேட்கும், நான் சொல்வது அவருக்குக் கேட்காது. சீக்கிரம் முடிந்துவிடும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை