ரெபேக்கா எழுதிய பாம்புப் பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. பெருநகர் ஊருக்குப் போகும் பஸ் லேட். முதல் பீரியட் பாடம் எடுக்கப் பாதியில்தான் போனேன்.

இந்த வாரம் இணைய நூலகத்தில் சரிசெய்ய வேண்டிய பக்கங்கள்: தவளை (படம் இல்லை), மின்சுற்று (ஒரே வாக்கியம் ஒரு பக்கம் ஓடுகிறது), காந்தம் (எழுத்துப்பிழை, யார் எழுதினார்களோ). வீட்டுக்கு: துவரம்பருப்பு, சோப்பு, மாமியாருக்குக் கண் மருந்து.

நீராவிப்போக்கு பட்டியலில் இல்லை. அது நான் எழுதிய பக்கம். இணைய நூலகத்தில் நான் போட்ட முதல் பக்கமும் அதுதான். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காகச் சம்பளம் இல்லாமல் ஆளாளுக்கு எழுதும் நூலகம். யார் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தெரிந்துதான் சேர்ந்தேன். இருந்தாலும்.

மத்தியானம் திறந்தால் ரெபேக்கா முழுக்க மாற்றி எழுதியிருக்கிறாள். என்னுடையது: 'தாவர இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாக வெளியேறும் நிகழ்வு நீராவிப்போக்கு எனப்படும்.' அவளுடையது: 'கொடியில் காயும் வேட்டி போல இலையும் தண்ணீரைக் காற்றுக்கு விடுகிறது. ஆனால் வேட்டிக்குத் தெரியாத ஒன்று இலைக்குத் தெரியும்: வாயை மூடிக்கொள்ள.'

திரும்பத் திரும்பப் படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். கிடைக்கவில்லை.

குழுவில் எல்லாரும் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் இளங்கோ சார், 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்று. நான் போட்டபோது 'நன்றி' என்று மட்டும்.

காலேஜில் ஒரே பெஞ்ச், ஒரே பஸ். இந்த நூலகத்துக்கு அவளைக் கூட்டி வந்ததே நான்தான். கம்பெனி பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வருகிறாயே, எழுதேன் என்று சொன்ன இந்த வாய்.

பிப்ரவரி 4, புதன்

சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து ரெ. இறங்கினாள். நீல யூனிபாரம், கழுத்தில் அட்டை. முகம் வாடியே இல்லை.

"இன்னாடி கலை, உன் பக்கத்துல கை வச்சிட்டேன்னு கோவமா கீறியா?"

"சேச்சே. நல்லாத்தான் கீது."

"பஸ்ல நின்னுக்கினே அடிச்சேன். ஒரு கையில கம்பி, ஒரு கையில போனு."

நான் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, நாலு புத்தகம் பிரித்து வைத்து எழுதியது அது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் நூலகக் கூட்டம். உயிரியல் பகுதிக்குப் பொறுப்பாசிரியர் ஒருவரைச் சொல்லப்போகிறார்கள். நான்தான் என்று நினைத்திருந்தேன். எல்லாரிடமும் சொல்லவும் செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடம், நாத்தனாரிடம், தலைமையாசிரியையிடம்கூட.

கீரை முற்றல். ஏமாந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை, அறுப்பு.

ரெ. புதுப் பக்கம் போட்டிருக்கிறாள். பாம்புகள். நம் ஊர்ப் பக்கத்துப் பாம்புகளின் படம், எது விஷம், எது இல்லை. அழகாக இருந்தது. படித்துக்கொண்டே கீழே வந்தேன். முதலுதவி: 'கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.'

தப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்: கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரி.

திருத்தும் பொத்தான்வரை விரல் போனது. எடுத்துவிட்டேன்.

கூட்டத்தில் சொல்லலாம். எல்லார் முன்னாலும். இளங்கோ சார் முன்னால். நிதானமாக, குரல் உயர்த்தாமல்.

இன்று சாம்பார் நன்றாக வந்தது. மாமியாரே சொன்னார்.

பிப்ரவரி 7, சனி

துணி துவைத்தேன். அவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டே, "இன்னா, காலைலருந்து பாட்டுப் பாடிக்கினு கீற?" என்றார்.

"ஏன், பாடக் கூடாதா?"

"பாடு பாடு. பயமா கீது, அதான் கேட்டேன்."

பக்கத்தைப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. கீழே பாராட்டு மட்டும் கூடியிருக்கிறது. சாயங்காலம் மறுபடி பார்த்தேன். எதற்குப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

திங்கள்கிழமை பிரேயரில் ஒரு பிள்ளை நூலகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்கும். நான் கொண்டுவந்த வழக்கம். இன்று எட்டாம் வகுப்பு ஜெயந்தி. மைக்கில், "பாம்புகள்" என்றாள்.

நல்ல குரல் அவளுக்கு. வரி வரியாக வருகிறாள். எதிரே வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாம் அந்த நேரம் கழனியில். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று வாசித்தே விட்டாள்.

போய் மைக்கை வாங்கினேன். "இது தப்பு. கட்டக் கூடாது." மூன்று முறை எல்லாரையும் சொல்ல வைத்தேன். ஜெயந்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "லைப்ரரிலருந்துதான் மிஸ் எடுத்தேன். நீங்கதான மிஸ் அதுல எல்லாம் கரெக்டா இருக்கும்னு சொன்னீங்க?"

தலைமையாசிரியை ரூமில் கூப்பிட்டுக் கேட்டார். "எப்படிம்மா உடனே கண்டுபிடிச்ச?"

"வெள்ளிக்கிழமையே பாத்தேன் டீச்சர்."

"பாத்துட்டு?"

வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

வெளியே வந்தால் ஜெயந்தி நிற்கிறாள். "மிஸ், சனிக்கிழமை வூட்ல படிச்சிக் காட்டினேன். எங்கப்பா அன்னிலருந்து இடுப்புல கயிறு சுத்திக்கினுதான் கயனிக்குப் போறாரு."

பெர்மிஷன் சொல்லிவிட்டு அவளோடு நடந்தேன். வரப்பில் செருப்பு வழுக்கியது, கையில் எடுத்துக்கொண்டேன். அறுப்பு மிஷின் இறங்காத மூலையில் நாலைந்து பேர் கையறுப்பு. அவள் அப்பா ஏழுமலை நிமிர்ந்தார். இடுப்பில் பச்சை நைலான் கயிறு.

"இன்னா டீச்சரம்மா, பொண்ணு எதுனா தப்பு பண்ணிட்ச்சா?"

"அவ பண்ணல. கயித்தக் கட்டக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

எல்லாம் சொன்னேன். மற்றவர்களும் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். ஏழுமலை கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"போன்ல போட்டுகீதுன்னு சொல்லுச்சே. நானு இவங்களுக்கும் சொல்லிட்டேன். நேத்து இங்கதான் ஒரு விரியன் போச்சி, தோ, அந்தப் பக்கமா."

பயந்துவிட்டேன். பாம்புக்கு இல்லை.

"அப்ப இத்த இன்னா பண்றது?" என்றார்.

"நெல்லு கட்டுங்க."

சிரித்தார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து போனைத் திறந்து அந்த வரியை மாற்றினேன். டவர் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏறியதும்தான் எழுந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரெ. போன். பின்னால் கம்பெனி பஸ் இரைச்சல்.

"மாத்துனது நீதானா? நல்ல வேளடி. எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் கட்டுவாங்க, அத அப்டியே எழுதிட்டேன். கேட்டிருக்கணும். நேத்துதான் பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "வெள்ளிக்கிழம."



"வெள்ளிக்கிழமயா? ஒரு போன் போட இன்னாடி?"

"கூட்டத்துல சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"என் மேல அப்டி இன்னாடி உனக்கு?"

"நீ நல்லா எழுதற."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

கட் பண்ணிவிட்டாள். சோறு இறங்கவில்லை. அவர் கேட்டதற்குப் பல் வலி என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

போன் இல்லை. நானும் போடவில்லை. ஏழாம் வகுப்பு விடைத்தாள் திருத்தி முடித்தேன். மாமியார் கண் மருந்து மறுபடி மறந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூட்டம் ஓரிக்கை பக்கம் ஒரு ஹாலில். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன், வாழ்த்து வாங்கப் போகிறவள் மாதிரி. ரெபேக்கா சாதா சுடிதார்.

உயிரியல் பொறுப்பாசிரியர் ரெபேக்கா. இளங்கோ சார் சொன்னதும் தட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன், யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

அவள் எழுந்தாள். "பாம்பு பக்கத்துல பெரிய தப்பு பண்ணிட்டேன். கலைச்செல்விதான் திருத்தனாங்க. இல்லன்னா இன்னா ஆயிருக்குமோ. இனிமே உடம்பு சம்பந்தப்பட்ட பக்கம் எதுவும் ரெண்டு பேர் படிக்காம போடக் கூடாது. என்னோடத அவங்க படிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கைதட்டினார்கள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இதிலும் முந்திக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாலாறு தாண்டியதும் போனை நீட்டினாள். "தேள். இன்னும் போடல. படி."

'தேளின் கொடுக்கு இருப்பது பின்னால். கொட்டுவது முன்னால் நிற்பவரை.'

ஒரு எழுத்துப்பிழை, முதலுதவியில் விட்டுப்போன ஒன்று. சொன்னேன். திருத்திக்கொண்டாள். அந்த முதல் வரியை மறுபடி படித்தேன்.

"மொத வரி நான் எழுதியிருக்கணும்டி," என்றேன்.

"எழுதேன். யாரு வேணான்னா?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, தெரியவில்லை.

வந்ததும் சேலைகூட மாற்றாமல் மண்புழு பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியை எழுதி எழுதி அழித்தாயிற்று. நல்ல வரி ஒன்று வந்ததும் அவளிடம்தான் முதலில் காட்டப் போகிறேன். படிக்கும்போது அவள் முகம் கொஞ்சமாவது சுருங்க வேண்டும்.