பின் சக்கரத்தில் கார் டயர்

ஜூன் 9, ஞாயிறு

கல்யாணமாகி இரண்டு மாதம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து போன மனிதர், மத்தியானம் கையெல்லாம் கரியோடு வந்து நின்றார். "மலரு, வெளிய வந்து பாரேன்."

பார்த்தேன். பைக்கின் பின் சக்கரத்தில் கார் டயர்! கன்றுக்குட்டிக்கு யானைக்கால் வைத்ததுபோல் இருந்தது.

"எதுக்குங்க இது?"

"ஸ்ட்ராங்கா இருக்கும்ல."

சிரித்தார். நாற்பத்தைந்து வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை சிரிப்பு. திட்ட மனம் வரவில்லை. மீன் குழம்பை ஊற்றினேன்.

ஜூன் 11, செவ்வாய்

டயர்க்கடை ஸ்டீபன்ராஜை வழியில் பார்த்தேன். "நான் எம்புட்டோ சொன்னேன்க்கா. கார் டயரு அடி தட்டையா இருக்கும், வளைவுல வண்டி சாயாதுன்னு. பிராங்கிளின் அண்ணன் கேக்கல. அவரே உக்காந்து மாட்டிக்கிட்டாரு."

இவரைக் கேட்டால், "பழகிட்டாச் சரியாயிரும்" என்கிறார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு வேலை. தினமும் இந்த வண்டியில்தான் போய்வர வேண்டும். வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பயந்துதானே இன்னொரு கல்யாணமே வேண்டாம் என்றேன்? என் முதல் கணவர் பிரபு போன அன்றும் இப்படித்தான் வாசலில் —

வேண்டாம். எழுத வேண்டாம்.

ஜூன் 12, புதன்

மழை. நனைந்து வந்தார். தலையைத் துவட்டிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு



கல்யாணத்திலிருந்து நான் இவர் வண்டியில் ஏறியதே இல்லை. எங்கே போனாலும் பஸ்தான். ஏன் என்று இவரும் கேட்டதில்லை. இன்று சேவுகம்பட்டிக்கு, என் தங்கை ஜீவிதா வீட்டுக்குக் கிளம்பும்போது, "வண்டியில போவமா? மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார். அந்த முகத்துக்காக ஏறினேன்.

செம்பட்டி தாண்டி ஒரு வளைவு. இவர் சாய்க்கிறார், வண்டி நிமிர்ந்துகொள்கிறது. வளையவே இல்லை. நேராக ரோட்டை விட்டு இறங்கி ஒரு வெங்காயக் காட்டுக்குள் போய் நின்றது. நல்லவேளை, விழவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "கிறுக்காங்க உங்களுக்கு? உங்களுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? இன்னொருக்கா என்னால முடியாது, சொல்லிட்டேன்!"

காட்டுக்கார அம்மா ஓடிவந்தது. அதன் முன்னாலேயே கத்தினேன்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மெல்லச் சொன்னார்:

"பின் டயர் வெடிச்சுத்தான் பிரபுவுக்கு அப்படி ஆச்சுன்னு ஜீவிதா சொல்லுச்சு. நீ ஏன் வண்டியில ஏற மாட்டேங்கிறன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. கார் டயரு லேசுல வெடிக்காதுன்னு எவனோ சொன்னான் மலரு... உன்னய ஒரு தடவையாச்சும் பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு..."

ஹெல்மெட்டை நான்தான் கழற்றிவிட்டேன். முகமெல்லாம் வேர்வையா, வேறா? தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

காட்டுக்கார அம்மா சொம்பில் தண்ணீர் தந்தது. "புருசன் பொஞ்சாதி சண்டைய வீட்ல போய்ப் போடுங்கப்பு. செடிய மிதிக்காதீங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

இவர் மண்டிக்கு லீவு போட்டார். பிரபுவைப் பற்றி முதல்முறையாக இவரிடம் பேசினேன். அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிக் குறட்டை விடுவார், அந்த நாள் — எல்லாவற்றையும். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். இன்னும் ஒரு மாதத்துக்குப் பூண்டு உரிக்க வேண்டியதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஸ்டீபன்ராஜ் கடையில் கார் டயரைக் கழற்றிப் புது பைக் டயர் போட்டாயிற்று. கூடவே நின்று பார்த்தேன். திரும்பும்போது வண்டியில் ஏறவில்லை. "ஒண்ணும் அவசரமில்ல" என்று எனக்காக வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

ஜீவிதா மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். "வண்டிய எடுங்க" என்று நான்தான் சொன்னேன். சாவியைத் தேடி வீட்டையே புரட்டினார். சட்டைப் பையில் இருந்தது.

விருந்தில் கோழியா, மட்டனா என்று வழி முழுக்கச் சண்டை. "உன் தங்கச்சி மட்டன்தான் போடும்" என்கிறார். அவளை எனக்குத் தெரியாதா? காற்றில் காது கேட்கவில்லை என்று ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்ட அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வண்டி நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறேன், ஜீவிதா வீட்டு வாசல். அந்த வளைவு எப்போது வந்தது, எப்போது போனது?

கோழிதான்.