கழற்றி வைத்த நம்பர் பிளேற்

குருநகர்,
ஞாயிறு பூசை முடிந்து.

அன்பு மகள் றஜிதாவுக்கு,

நீயும் மருமகன் றோயும் பிரான்சில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நானும் உன் அம்மாவும் சுகம். உன் மகன் ஜெறோமும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் "வேலைக்கு நேரமாகுது அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுதும் வாசி.

றோய் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் பின்பக்க நம்பர் பிளேற்றைக் காணவில்லை. கேட்டால் "கழண்டு விழுந்திட்டுது அம்மப்பா" என்கிறான். போன கிழமை வலை வைக்கிற அறையில் அதைக் கண்டெடுத்தேன், பக்கத்தில் அதன் நட்டுகளும் கடதாசியில் சுற்றியபடி. கழன்று விழுகிற பிளேற் தன் நட்டுகளையும் பொறுக்கிச் சுற்றிக்கொண்டா போய்ப் படுக்கும்? இங்கே நம்பர் இல்லாமல் ஓடுகிறவர்கள் யார், வீடுகளின் கேற்றை வாளால் கொத்துகிறவர்கள் யார் என்று நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். ரியூசன் வாத்தியார் கோயில் வாசலில் என்னை மறித்து, பேரனுக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா என்று கேட்டார். அவனுக்குக் காய்ச்சலே வரவில்லை. நிருஷன் என்றொரு பெடியன் வாசலில் வந்து ஹோன் அடிக்கிறான், என்னைக் கண்டதும் ஹெல்மெட்டைப் போட்டு முகத்தை மறைக்கிறான். உன் அம்மா "சின்னப்பிள்ளை, விடுங்கோ" என்கிறா. அவவுக்கும் ஏதோ தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஜெறோம் இரவில் போனோடு அறைக் கதவைச் சாத்திவிட்டு "அம்மாவோடை கதைக்கிறன்" என்கிறான். உன்னோடுதானா என்று எழுது.

ரீவியில் நான் பழைய கறுப்பு வெள்ளைக் கொலை, கொள்ளைப் படங்கள் பார்ப்பதை நீ பகிடி பண்ணுவாய். படிப்புக் குறைந்தவன்தான், ஆனால் பார்த்துப் பார்த்து ஒன்றைப் பிடித்துவிட்டேன். தாய் கிளப்பில் சீட்டாடுவாள், தகப்பன் கந்தோர் வேலையே கதியென்று இருப்பான், பிள்ளையின் கையில் காசு இருக்கும், பக்கத்தில் ஒரு கெட்டவன் இருப்பான். கடைசியில் பழி முழுக்கத் தாயின் தலையில். காசை மட்டும் நீட்டின தகப்பனை எந்த நீதவானும் கேட்பதில்லை. அது அநியாயம், ஆகவே இதை றோயும் வாசிக்கவேண்டும். நீங்கள் சீட்டாடவில்லை, இரண்டு பேரும் வேலை செய்து முறிகிறீர்கள், தெரியும். ஆனால் விசா வந்ததும் கூப்பிடுகிறோம் என்று ஜெறோமின் குரல் உடைய முன்னமிருந்து சொல்கிறீர்கள்.

நேற்று அவனையும் பக்கத்தில் இருத்தி அப்படி ஒரு படம் பார்த்தேன், முகம் மாறுகிறதா என்று கவனிக்கத்தான். பையன் கோட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்க, தாயும் தகப்பனும் அழுதுகொண்டு ஓடி வருகிற கட்டம். முகம் மாறவில்லை. "உவையளாவது கோட்டுக்கு வந்திட்டினம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வெளியே போனான். நடந்துதான் போனான், மோட்டார் சைக்கிள் ஸ்ராட் ஆகாதபடி அதன் பிளக்கை நான் கழற்றிவிட்டேன்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாதிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பிளக் என் மடியில் இருக்கிறது. புதிது வாங்க அவனுக்குக் காசு அனுப்பவேண்டாம். உங்களில் ஒருவர் வந்து நேரில் கை நீட்டினால் தருவேன், வேறு யாருக்கும் தரமாட்டேன்.

உன் அப்பா
செல்வரட்ணம்