தூளிக்குக் கீழே பைரா

என் மரகதத்துக்கு,

வெளியே சொன்னால் வெட்கக்கேடு; உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? புதன்கிழமை காலை நான் ஒரு நாயைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவும் முட்டி போட்டு. பெற்ற பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டு. அது பல்லைக் காட்டியது.

வாசல் தெளிக்க வந்த எதிர்வீட்டு வெங்கடம்மா திறந்த கதவு வழியே பார்த்துவிட்டாள். "ஏமய்யா, கோயிலு அந்தப் பக்கமில்ல இருக்குது?" என்றாள். மத்தியானத்துக்குள் செய்தி ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. என் ஜன்னலில் டிக்கெட் வாங்கியவன் எல்லாம் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

சரி, வீட்டுச் சேதி. நாற்பத்தைந்து வயதில் உன் புருஷனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. ஆண். சிரிக்காதே. நீயும் நானும் ஏறி இறங்காத கோயில் இல்லை. நீ போன பிறகு உன் இடத்துக்குச் சரசு வந்த மூன்றே வருஷத்தில் வீடு நிறைந்துபோய்விட்டது. இதை எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் நாயில் ஆரம்பித்தேன்.

அந்த நாய்க்குப் பெயர் பைரா. சரசு வருவதற்கு முன் இந்த வீட்டில் அவனும் நானும்தான். நான் கட்டிலில், அவன் உன் டிரங்குப் பெட்டியை ஒட்டி. சரசு வந்தாள், அவன் கூடத்துக்குப் போனான். பெண் பிறந்தாள், தாழ்வாரத்துக்குப் போனான். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். இந்தப் பிரசவத்துக்கு மாமியார் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியபோது எங்கள் இருவருக்கும் மாட்டுக் கொட்டகைதான் மிச்சம்.

மாமனாரும் வந்திருக்கிறார். நம் பக்கம் மதுவிலக்கு அல்லவா, அதனால் தினமும் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் காய்கறி வாங்கப் போகிறார். திரும்பும்போது பையில் ஒரு கத்தரிக்காயும் இருப்பதில்லை. வாயில் கன்னடப் பாட்டு மட்டும் இருக்கிறது.

பிள்ளைக்குத் தூளி கட்ட நைந்த நூல் சேலை தேடினார்கள். சரசு உன் பெட்டியைத் திறந்தாள். உன் மஞ்சள் சேலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உத்தரத்தில் கட்டினாள். அவ்வளவுதான், பைரா கொட்டகையைக் காலி செய்துவிட்டு வந்து தூளிக்குக் கீழே படுத்துவிட்டான். யார் கிட்டே போனாலும் உறுமல். பிள்ளை பாலுக்கு வீறிடும். எடுக்கப் போனால் விடமாட்டான். மாமியார் விளக்குமாற்றால் விரட்டுவார். பால் குடித்து முடிப்பதற்குள் திரும்ப வந்து படுத்திருப்பான்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, இது நாயில்ல. மூத்தவதான் வந்து மொறைக்கறா. தனக்கு வாய்க்காதது இவளுக்கு வாய்ச்சுதேன்னு வயித்தெரிச்சல். அஞ்செட்டியில எந் தம்பி மாட்டுப்பட்டியில கட்டிடலாம். வெள்ளிக்கெழம வண்டி வருது."

"அங்கே சிறுத்தை வருமே?"

"வரும். போன வருசம் மூணு நாயத் தூக்கிட்டுப் போச்சு. அதுக்குத்தான் நாயி வேணுங்கறான்."

வீட்டு எஜமான் அதற்கு என்ன சொன்னான் என்றுதானே கேட்கிறாய்? "காப்பி ஆறிப்போச்சு" என்று சொன்னான். பத்திரிகையில் ஊரையே நையாண்டி செய்கிறவனுக்கு மாமியார் முன்னால் வேறு வசனம் வரவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. வண்டி வாசலில் வந்து நின்றது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள். தூளியில் பிள்ளை அலறுகிறது, கீழே பைரா என்னையே பார்க்கிறான். இதற்கு முன் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சரசு உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவள் அம்மாவையும் பார்க்கவில்லை. நாயின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள். நாயைப் பார்த்துத்தான். "ஒம் புள்ளதாங்க்கா. நாம் பெத்தேன், அவ்ளோதான். பாலு குடுத்துட்டுத் திரும்ப ஒம் பொடவையிலயே போட்டுடறேன். கொஞ்சம் நகந்துக்கயேன்."

பைரா அவளைப் பார்த்தான். எழுந்து உடம்பை உதறினான். சற்றுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வண்டிய அனுப்பிச்சிடுங்க மாப்ள. மூத்தவளப் போயி சிறுத்தக்கிக் குடுப்பாங்களா?"

ராத்திரி முதல் கரண்டிச் சோறு பைராவுக்குப் போனது. சுமங்கலியாகப் போன உனக்கு வருஷா வருஷம் சேலையும் பூவும் வைத்துப் பூவாடைக்காரி படையல் போடுகிறோமே, அதில் இனி அவனுக்கும் ஓர் இலை உண்டாம். எனக்கு உண்டா என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி போனதும், அவள் சொன்ன "அக்கா" காதிலேயே நிற்க, நான் கயிற்றோடு கொட்டகைக்கு ஓடிவிட்டேன். மாட்டின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மரகதம், உனக்கு நிஜமாகவே கோபமா? அந்த உறுமல் உன்னுடையதாகவே இருந்தால்தான் என்ன? இத்தனை வருஷத்தில் உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமாவது வந்ததாக இருந்திருக்குமே.

சரசுவுக்கு எழுத்துக் கூட்ட வராது. இந்தக் கடிதமும் அந்தப் பத்திரிகைக்குத்தான் போகிறது; அச்சில் வந்ததும் அவளை உட்கார வைத்து நானே படித்துக் காட்டுவேன். அவள் உன்னிடம் பேசியதை நீ கேட்டுக்கொண்டாய் என்று சொல்வேன். என் கையெழுத்து வரை ஒரு வரி விடமாட்டேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

இப்படிக்கு,
இன்னமும் உன் வீட்டுக்காரன்

கையெழுத்துக்குக் கீழே, உனக்கு மட்டும்: பைரா, பேரிகைச் சந்தையில் மழைக்கு என் குடையடியில் வந்து ஒதுங்கிய குட்டி. நீ போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. உன்னை அவன் கண்டதே இல்லை; தெரிந்ததெல்லாம் உன் பெட்டியின் வாசனைதான்.