யோசேப்பு அண்ணன் பாடும் இடம்

1964 நவம்பர் 12, வியாழன்

வாவியில் தோணி கவிழ்ந்து இறந்த யோசேப்பு அண்ணனை இன்று அடக்கம் செய்தோம். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ் என்னும் கீழ்க்குரல் பாட அவர் ஒருவர்தான் இருந்தார். நான் நாலு குரலுக்கு அமைத்த ஞானப்பாட்டில் மூன்றாம் சரணத்தை அவர் தனியாகத் தொடங்குவார். மற்றவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அவருடைய சுருதியைப் பிடித்துத்தான் சேர்வார்கள்.

அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று அவர் மனைவி மரியக்கா கேட்டிருந்தார்.

"அண்ணன் பாடுற இடத்த நான் பியானோவில வாசிக்கிறன் அக்கா."

"வேணாம் தம்பி. அது அவர்ர இடம். சும்மா விடுங்க."

"விட்டா பாட்டு முறிஞ்சிரும்."

"முறியட்டும்."

தூணை எடுத்தால் தளம் இறங்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் மூன்றாம் சரணம் வந்ததும் பியானோவிலிருந்து கையை எடுத்தேன். கோயில் அடங்கிப்போனது. எதையோ கேட்பவர்போல மரியக்கா கண்ணை மூடியிருந்தார். பிறகு குழு ஆளுக்கொரு சுருதியில் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது.

"இஞ்சினியருக்குக் கை விறைச்சுப் போச்சு போல," என்றார் குழுவில் டெனர் என்னும் மேல்குரல் பாடும் செல்லையா, வெளியே வந்ததும். மரியக்கா கேட்டதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதே பாட்டை வாவிக்கு அக்கரையிலுள்ள வவுணதீவுக் கோயிலுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு அங்கே வேறொருவர் அந்த இடத்தைப் பிழையில்லாமல் பாடுவார். வரச் சொன்னார்கள். நான் போகமாட்டேன்.